ரத்து செய்ய எண் இரண்டை அழுத்தவும்

என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டபிறகு எங்கள் வீட்டில் ஏழு கிழமைகள் கிடையாது. மெஷின் நாள், மெஷின் இல்லாத நாள், அவ்வளவுதான். திங்கள், புதன், வெள்ளி அம்பத்தூரில் டயாலிசிஸ். மற்ற நாட்கள் அதிலிருந்து தேறி எழுவதற்கு. எப்படி இருக்கிறார் என்று சொந்தக்காரர்கள் போனில் கேட்டால் 'வண்டி ஓடுது' என்பேன். அவர்களும் அதற்குமேல் கேட்பதில்லை. கேட்டால் ஒருநாள் கூட வரவேண்டியிருக்குமே.

நாங்கள் இருப்பது பூந்தமல்லி குமணன்சாவடியில். இவர் ஸ்கூல் வேன் ஓட்டியவர். ஸ்டியரிங் பிடித்த கையில் இப்போது மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நரம்பு கயிறு கயிறாகப் புடைத்திருக்கும். ஒவ்வொரு முறையும் அதில்தான் இரண்டு பெரிய ஊசிகளைக் குத்தி, ரத்தத்தை மெஷினுக்கு அனுப்பிச் சுத்தம்செய்து திருப்பி ஏற்றுவார்கள். நான்கு மணி நேரம் ஆகும். பக்கத்தில் உட்கார இடம் கிடையாது. வெளியே வராந்தாவில் இரும்பு பெஞ்சு ஒன்று உண்டு. என் வாழ்க்கையின் கணிசமான பகுதியை அந்த பெஞ்சில்தான் கழித்திருக்கிறேன்.

அங்கே போகும் நோயாளிகளில் ஒருவரும் இன்னொருவரைத் தேடிப்போய்ப் பழகியதில்லை. காலை ஷிப்டில் அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்ததால் எங்கள் மூன்று குடும்பங்களும் பேசிக்கொண்டோம். ஒன்று நாங்கள். இன்னொருவர் திருவேற்காட்டுப் பெரியவர், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பிரஸ் மெஷினில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகன் ஓசூரில் வேலை. மூன்றாவது, அயனம்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கும் ஒரு பெண். முப்பது வயதுகூட நிறைந்திருக்காது, திருநெல்வேலிப் பக்கம், கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஊசி குத்தாத கையால் லேப்டாப்பைத் தட்டிக்கொண்டே படுத்திருப்பாள். பார்க்கிறபோதெல்லாம் எனக்கு இந்த வயதிலா என்று இருக்கும்.

ஒரு மழைநாளில் ஆட்டோ கிடைக்காமல் மூன்று குடும்பமும் ஒரே ஆட்டோவில் திரும்பினோம். அந்த ஆட்டோக்காரர் திருவேற்காட்டுக்காரர். நாளைக்கும் வரவா என்று கேட்டார். நாளைக்கு வேண்டாம், நாளன்றைக்கு வாங்க என்றேன். அப்படி ஆரம்பித்ததுதான். பிறகு விடிகிற நேரத்தில் முதலில் எங்கள் வீட்டுக்கு வருவார், அடுத்தது திருவேற்காட்டில் பெரியவர், அப்புறம் அயனம்பாக்கத்தில் அந்தப் பெண், அங்கிருந்து வானகரம் ரோடு பிடித்து அம்பத்தூர். வழியெல்லாம் இவர் ஆட்டோக்காரருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டு வருவார். அவரும் 'சரிண்ணா, சரிண்ணா' என்று கேட்டுக்கொண்டே தன் இஷ்டத்துக்கு ஓட்டுவார்.

அந்த ஆட்டோவுக்குள் நாங்களாக ஏற்படுத்திக்கொண்ட சில வழக்கங்கள் உண்டு. யாரும் தண்ணீர் பாட்டிலைத் திறக்கக் கூடாது. டயாலிசிஸ்காரர்களுக்குத் தண்ணீர் அளந்துதான். ஒருவர் மடமடவென்று குடிப்பதைப் பார்ப்பது அவர்களுக்குச் சித்திரவதை. எனக்கு ஒரு கட்டுப்பாடும் இல்லை என்றாலும் மே மாத வெயிலில்கூட அம்பத்தூர் போய்ச் சேரும்வரை நான் வாயைத் திறந்ததில்லை. வானகரம் ரோட்டில் இளநீர் வண்டி வந்தால் ஆட்டோக்காரர் வேகத்தைக் கூட்டிவிடுவார். முதலில் மெஷினிலிருந்து இறங்குகிறவர் கிளம்பிப் போகக் கூடாது. மூன்று பேருக்கும் ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நின்றபிறகுதான் வண்டி நகரும்.

பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆட்டோ அவர் வீட்டு முன்னால் நிற்கும். நானோ ஆட்டோக்காரரோ இறங்கிப் போய் நிற்போம். மனிதர் பனியனும் லுங்கியுமாகக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, "இன்னிக்கி வோணாம்மா, நீங்க போய்க்கினே இருங்க" என்பார். ஒருநாள் விடாமல் சொல்லுவார். கால் வலிக்கிறது என்பார், நேற்றுத் தூங்கவில்லை என்பார், போய்த்தான் என்ன ஆகப்போகிறது என்பார். முதல் சில தடவை நான் மெனக்கெட்டு புத்தி சொன்னேன், பயமுறுத்தினேன், மகனுக்குப் போன் போடுவேன் என்றேன். பிறகு புரிந்துபோயிற்று. ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றால் போதும். கொஞ்ச நேரம் சுவரைப் பார்ப்பார், பிறகு ஆணியில் மாட்டியிருக்கும் சட்டையை எடுப்பார். 'உங்களோட ஒரே ரோதனை' என்று முணுமுணுத்துக்கொண்டே ஆட்டோவில் ஏறுவார். ஏறிய நிமிடத்திலிருந்து அவர்தான் அந்த வண்டியில் அதிகம் பேசுகிற ஆள்.

வேண்டாம் என்று சொல்லாமல் அவருக்குக் கிளம்பத் தெரியாது. அந்த வேண்டாமை யாரோ ஒருவர் காதில் வாங்கிக்கொண்டு, அதை மதிக்காமல் நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்கு வேண்டியது. தனியாக இருக்கும் ஒரு மனிதருக்கு இது பெரிய ஆசையா என்ன? ஆனால் இதை எந்த டாக்டரிடமாவது சொல்லி எழுதிவைக்கச் சொல்ல முடியுமா என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் நாலு பேருக்கும் தெரிந்திருந்தது. அது போதும் என்றிருந்தோம்.

இப்படிச் சில வருடங்கள் ஓடின. பிறகு ஒருநாள் டயாலிசிஸ் மையத்தில் புதிய ஏற்பாடு வந்துவிட்டது என்றார்கள். நோயாளிகள் கூடிவிட்டார்கள், மெஷின்கள் சில நேரம் சும்மா கிடக்கின்றன, சில நேரம் ஆட்கள் காத்துக் கிடக்கிறார்கள், அதனால் இனிமேல் யாருக்கு எந்த ஷிப்ட் என்பதைக் கம்ப்யூட்டர்தான் முடிவுசெய்யும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இடம் கிடைக்காமல் திருநின்றவூரிலிருந்தெல்லாம் வந்து கெஞ்சிவிட்டுப் போனவர்களை அந்த இரும்பு பெஞ்சில் உட்கார்ந்து நானே பார்த்திருக்கிறேன். அதனால் சண்டை போடவும் மனசு வரவில்லை.

கம்ப்யூட்டர் எங்களைப் பிரித்துப் போட்டது. அந்தப் பெண்ணுக்கு அதே அதிகாலை. எங்களுக்கு மதியம். பெரியவருக்குச் சாயங்காலம். மெஷின் நாளன்று காலையில் போனில் ஒரு பதிவுசெய்த குரல் வரும். வருகையை உறுதிசெய்ய எண் ஒன்றை அழுத்தவும், ரத்து செய்ய எண் இரண்டை அழுத்தவும். சுத்தமான தமிழ், வானொலியில் செய்தி வாசிப்பவர் குரல். முதல் நாள் இவர் அந்தக் குரலுக்கு வணக்கமெல்லாம் சொன்னார்.

நான்தான் புலம்பினேன். அந்தப் பெண்ணிடம் போனில் சொன்னபோது அவள், "ஆன்ட்டி, கோவிச்சுக்காதீங்க, எனக்கு இது வசதியாத்தான் இருக்கு. முன்னாடி எல்லாருக்கும் காத்திருந்து போறதுல ஆபீஸ்ல தினம் திட்டு வாங்கினேன்" என்றாள். நாங்கள் அவளுக்காகக் காத்திருந்ததாகத்தான் நான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவளும் எங்களுக்காகக் காத்திருந்திருக்கிறாள், வாயைத் திறக்காமல்.

ஆட்டோக்காரருக்கு மதியத்துக்குப் பிறகு பள்ளிக்கூட சவாரி. அதனால் நாங்கள் கிடைத்த ஆட்டோவில் போனோம். இவர் வழியில் யாருக்கும் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கவில்லை. மெஷினிலும் பேச ஆளில்லை. பக்கத்துக் கட்டிலில் புதிய ஆள், போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டு படுத்திருப்பார். வீட்டுக்கு வந்தால் இவர் கஞ்சியைக் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். எனக்கும் பேச்சு குறைந்துவிட்டது. ஒரு வேலையை ஆளோடு ஆளாகச் செய்யும்போது தெரியாத பாரம், தனியாகச் செய்யும்போது முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

பெரியவர் நினைவு வராமல் இல்லை. மாற்றம் வந்த முதல் வாரம் ஓசூரிலிருந்து மகன் லீவு போட்டு வந்து கூட்டிப்போனதாகக் கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு ஆட்டோக்காரர் பார்த்துக்கொள்வார், அதே ஊர்தானே என்று நான் நினைத்தேன். மகன் வேறு ஆட்டோ ஏற்பாடு செய்திருப்பான் என்று ஆட்டோக்காரர் நினைத்திருக்கிறார். ஆன்ட்டி இருக்கிறாரே என்று அந்தப் பெண் நினைத்திருக்கிறாள். நாலு பேர் கண்ணிலும் இருந்த மனிதர் ஒருவர் கண்ணிலும் இல்லாமல் போனார். இதில் கெட்டவர் என்று ஒருவரும் இல்லை என்பதுதான் கொடுமை.

அதற்கடுத்த வாரம், வெள்ளிக்கிழமை மதியம். இவருக்கு ஊசி குத்தி மெஷினை ஓடவிட்டுவிட்டு வெளியே வந்த சிஸ்டர், எங்களைப் பழைய ஷிப்டிலிருந்து தெரிந்தவர், பேச்சுவாக்கில் என்னிடம் கேட்டார், உங்க செட் தாத்தா ஊருக்குப் போயிட்டாரா என்று. திங்கட்கிழமையும் புதன்கிழமையும் அவர் கட்டில் காலி, இன்றைக்கும் ரத்து என்றுதான் காட்டுகிறது, அவரே ரத்து செய்திருக்கிறார் என்றார். டயாலிசிஸ்காரர் ஒரு முறை தவறினாலே உடம்பில் தண்ணீர் ஏறி மூச்சு வாங்க ஆரம்பிக்கும். போனைப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

இவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். "போ, போ, நான் எங்க ஓடிப்போகப் போறேன்" என்றார், கையில் இரண்டு குழாயோடு. வாசலில் ஆட்டோ பிடித்தேன். அயனம்பாக்கத்தில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு, திருவேற்காடு போய்ச் சேர்வதற்குள் எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டுவிட்டேன். கருமாரியம்மனைக் கொஞ்சம் திட்டவும் செய்தேன், உன் ஊரில்தானே இருக்கிறார் என்று.

கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கி கண்கள் சிறுத்திருந்தன. கால்கள் செருப்புக்குள் நுழையாமல் செருப்பின் மேல் வைத்தபடி இருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் ஏறி இறங்கியது. ஆனால் பனியனும் லுங்கியுமாக இல்லை. துவைத்த சட்டை, வேட்டி. மடியில் மெஷினுக்குக் கொண்டுபோகிற துணிப்பை, அதற்குள் மடித்த போர்வை. தலைகூட வாரியிருந்தது.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்கு இரண்டை அமுக்கினீர்கள், மூளை கீளை கெட்டுவிட்டதா என்று கத்தினேன். அந்த நேரத்திலும் எனக்கு வாய்தான் முதலில் வந்தது. அவர் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார்.

"வோணாம்னா ரெண்டு அமுக்குன்னு சொல்லுச்சும்மா. அமுக்கினேன். அப்பால சட்ட போட்டுகினு குந்திகினு இருந்தேன். திங்கக்கெழமயும் குந்தினேன், புதன்கெழமயும் குந்தினேன். ஒருத்தரும் வர்ல."

அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? தினமும் செய்ததைத்தான் செய்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, யாராவது வந்து நிற்பார்கள் என்று இருந்திருக்கிறார். இத்தனை வருடத்தில் அவருடைய வேண்டாமை வேண்டாம் என்றே எடுத்துக்கொண்டது அந்தக் குரல் ஒன்றுதான். மகன் தினமும் போன் செய்திருக்கிறான். போய்விட்டு வந்தாயா அப்பா என்று கேட்டதற்கு, ஆச்சு ஆச்சு என்றிருக்கிறார். மகனிடம் முறையிட அவருக்குக் கூச்சம்.

ஆட்டோக்காரருக்குப் போன் செய்தேன். பிள்ளைகளை இன்னொரு ஆட்டோவில் ஏற்றிவிட்டு எப்படி வந்தாரோ, வந்துவிட்டார். வாசலில் நின்று அவரைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா இது, ஊட்டாண்டதானே கீறேன், ஒரு கொரல் குட்க்கக்கூடாதா" என்றார். அப்படியே அவரைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் வைத்தார். வழியெல்லாம் பெரியவர் தலை என் தோளில். நான் அவர் மார்பைத் தடவிக்கொண்டே வந்தேன். அவர் தூங்கிவிடக் கூடாது என்று வாய்க்கு வந்ததைப் பேசினேன்.

மையத்தில் அவருக்குக் கட்டில் இல்லை. ரத்தானதால் அன்றைய சாயங்கால இடத்தை வேறொருவருக்குக் கொடுத்தாகிவிட்டது. அந்த ஆளும் வந்து உட்கார்ந்திருந்தார், பாவம், அவர் என்ன செய்வார். டாக்டர் வந்து பார்த்தார், உடனே ஆக்சிஜன் வைக்கச் சொன்னார். ஒரு மெஷினாவது இப்போதே காலியாக வேண்டும் என்று சிஸ்டரும் டாக்டரும் பேசிக்கொண்டது கட்டிலில் கிடந்த இவர் காதில் விழுந்துவிட்டது. "சிஸ்டர், என்னைக் கழட்டுங்க. அவருக்குப் போடுங்க" என்றார் சத்தமாக. சிஸ்டர் அதட்டினார். இவர் விடவில்லை. நேற்று முழுக்கத் தண்ணீரே குடிக்கவில்லை, எடை ஏறவில்லை, ஒரு மணி நேரம் முன்னால் இறங்கினால் செத்துவிட மாட்டேன் என்று வாதாடினார். டாக்டர் எடையைப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார், சரி என்றார். இவர் இறங்கிய கட்டிலில், மெஷினைக் கழுவித் துடைத்தபிறகு, பெரியவரை ஏற்றினார்கள். இவர் வராந்தா பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஊசி எடுத்த இடத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். ஷிப்ட் மாறியபிறகு அன்றுதான் அவர் முகத்தில் பழைய களை இருந்தது.

பெரியவர் பிழைத்தார். மறுநாள் சாயங்காலம் மகன் ஓசூரிலிருந்து வந்து நின்றபோது, 'ஒன்னும் இல்லடா, லேசா மூச்சு முட்டுச்சு' என்றாராம்.

நான் மட்டும் அடங்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை அந்த மையத்தின் மேனேஜரிடம் போனேன். சின்னப் பையன்தான், நல்ல பையன், உட்காரச் சொன்னான், தண்ணீர் கொடுத்தான். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். மூன்று முறை அழைப்பு போயிருக்கிறது, மூன்று முறையும் அவரே ரத்து செய்திருக்கிறார். அவருடைய விருப்பத்தை மதித்துத்தான் சிஸ்டம் செய்திருக்கிறது, இதில் தவறு எங்கே என்று நிஜமாகவே தெரியாமல் கேட்டான். அவர் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம் என்று அர்த்தமில்லை தம்பி என்றேன்.

"அப்ப அது சிஸ்டத்துக்கு எப்படிம்மா தெரியும்?" என்றான்.

எனக்கே அது தெரிய எத்தனையோ தடவை அவர் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. அதை அவனிடம் சொன்னேன். எங்களை மறுபடி ஒரே ஷிப்டில் போடுங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றும் சொன்னேன். காலையில் புதிதாக வந்தவர்களைக் கிளப்ப முடியாது என்றான். அதுவும் சரிதான், அவர்களுக்கும் ஒரு செட் சேர்ந்திருக்கும். அவனால் முடிந்தது ஒன்று. பெரியவர் பெயருக்கு நேரே இருந்த போன் நம்பரை எடுத்துவிட்டு என் நம்பரைப் போட்டான்.

அன்றிலிருந்து அந்தச் செய்தி வாசிக்கிற குரல் காலையில் எனக்கு இரண்டு முறை வருகிறது. ஒன்று இவருக்கு, ஒன்று பெரியவருக்கு. இரண்டுக்கும் ஒன்றை அமுக்குகிறேன். அமுக்குவது சுலபம். சாயங்காலம் ஒருவர் திருவேற்காட்டுக்குப் போய் நிற்க வேண்டும், அதுதான் வேலை. முறை வைத்துக்கொண்டோம். திங்கள் நான். புதன் ஆட்டோக்காரர், பள்ளிக்கூட சவாரி முடிந்ததும். வெள்ளிக்கிழமை அந்தப் பெண், அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். காலையில் தானும் மெஷினில் கிடந்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் வந்து நிற்பாள். நீ எதற்கு, உனக்கே முடியாது என்றேன். "அவருக்கு நான் போனா பாப்பா வந்திருக்குன்னு சீக்கிரம் சட்டை போடுறாரு ஆன்ட்டி. உங்களைத்தான் ரொம்ப நேரம் நிக்க வைக்கிறாரு" என்று சிரித்தாள். யார் வந்து நின்றாலும் கூட்டிப்போவதும் ராத்திரி திரும்பக் கொண்டுவிடுவதும் ஆட்டோக்காரர்தான்.

கேட்க நன்றாக இருக்கும், மனிதர்கள் மனிதர்களைத் தாங்குகிறார்கள் என்று. தாங்குகிற தோள் வலிக்காது என்று நினைப்பவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள். திங்கட்கிழமைகளில் இவரை மதியம் கூட்டிப்போய், மெஷின் முடிந்து கூட்டிவந்து, படுக்கவைத்து, கஞ்சியைக் கொடுத்துவிட்டு, கட்டின புடவையோடு ஷேர் ஆட்டோவில் திருவேற்காடு போவேன். எத்தனை பேர் உட்கார வேண்டிய வண்டியில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள். பெரியவரைச் சாயங்கால ஷிப்டில் சேர்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் பாத்திரம் கிடக்கும். எனக்கும் வயது ஐம்பத்தைந்து ஆகப்போகிறது. சர்க்கரை உண்டு. சில நாள் எல்லாரையும் விட்டுவிட்டு எங்கேயாவது பஸ் ஏறிவிடலாம் என்று தோன்றும். எங்கே போவது என்பதுதான் தெரியாது.

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. இவருக்கு மெஷினிலேயே காலில் சுளுக்கு மாதிரி இழுத்துப் பிடித்துக்கொண்டது, அலறிவிட்டார். சிஸ்டர் என்னை உள்ளே கூப்பிட்டார், நரம்பை நீவிவிட்டு நீவிவிட்டு என் கை ஓய்ந்துபோனது. வீட்டில் கொண்டுவந்து போட்டுவிட்டு, சாப்பிடாமல் கிளம்பினேன். ஷேர் ஆட்டோவில் நின்ற காலோடு வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும், உட்கார்ந்திருந்தும் உட்கார்ந்த மாதிரி இல்லை. பெரியவர் வீட்டு வாசல்படியில் ஏறும்போது நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

பனியனும் லுங்கியுமாகக் கட்டிலில் இருந்தார். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்தார், இன்றைக்கு வேண்டாம், இடுப்பு கடுக்கிறது, நீ போ என்று.

"சரிண்ணே. வேணாம்னா வேண்டாம்" என்றேன்.

வேண்டுமென்றே சொல்லவில்லை, பாடம் புகட்டவும் சொல்லவில்லை. அந்த நிமிடத்தில் எனக்கு உண்மையாகவே அதுதான் தோன்றியது. அவர் வேண்டாம் என்கிறார், எனக்கும் முடியவில்லை, இரண்டு பேருக்கும் சரியாகத்தானே போகிறது. திரும்பிப் போய்விட்டால் வீட்டில் படுக்கலாம். அவ்வளவு களைப்பு.

பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அந்த முகத்தில் நான் பயத்தைப் பார்த்தது அன்று ஒருநாள்தான். வீங்கி மூச்சு முட்டிய வெள்ளிக்கிழமைகூட அப்படிப் பார்க்கவில்லை.

"நீ அந்தப் போனு மாரி பேசாதம்மா" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் தெம்பில்லை. "முடியலண்ணே, நிஜமா முடியல" என்றேன். அவர் கட்டிலிலிருந்து மெதுவாக எழுந்தார். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டார். குந்து என்றார். குந்தினேன். ஆணியிலிருந்து சட்டையை எடுத்து, பொத்தானை ஒவ்வொன்றாகத் தடவித் தடவிப் போட்டுக்கொண்டார். போர்வையை மடித்துப் பைக்குள் வைத்தார். என்னை எழுந்திருக்கச் சொல்லவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. எல்லாம் முடித்துவிட்டு வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றார். வெளியே ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. அதன்பிறகும் அப்படியே நின்றுகொண்டிருந்தார், நான் எழுகிறவரைக்கும்.

மெஷினுக்கு ஊசி குத்துகிற கையால் பாரம் தாங்கக் கூடாது. எந்த டயாலிசிஸ்காரரும் அந்தக் கையை யாருக்கும் கொடுக்க மாட்டார். ஆட்டோ பக்கத்தில் போனதும் பையை அந்தக் கை இடுக்கில் லேசாகச் செருகிக்கொண்டு, மற்றக் கையை என்னிடம் நீட்டினார். பிடித்துக்கொண்டு ஏறினேன்.